பெண்கள்: வசதிப்படும்போது

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு நங்கூரம் விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் நாலு பேர் அலவாங்கால் நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். கழகத்தின் செயலாளர் தர்மசீலன் அவர்களுக்கு நடுவில் நின்று, காதில் ஃபோனும் கையில் அளவு நாடாவுமாக, எல்லோருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் இருபத்தேழு வருஷமாகக் கிளார்க் வேலை பார்க்கும் மனிதர். அங்கே அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மேடை, ஒரு மைக், ஒரு பிரதம விருந்தினர் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் போதும், அவருக்குச் சாப்பாடும் வேண்டாம், நித்திரையும் வேண்டாம்.

சனிக்கிழமை நடக்கவிருந்தது லதுசாவுக்கான கௌரவிப்பு விழா. லதுசா இதே ஊர், பாலையூற்றுப் பிள்ளை. வயது இருபத்தாறு. இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி, நாட்டுக்காக முப்பத்தொரு ஆட்டம் ஆடியவள். இரண்டு வருஷமாக மாலைதீவில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். பெண்பிள்ளை பந்தடித்துச் சம்பளம் வாங்குவதா என்று சிரித்தவர்கள்தான் இப்போது அவளோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மனிதர் மாறுவதற்குப் பேப்பரில் ஒரு படம் வந்தால் போதும் போலிருக்கிறது!

அவளுக்கோ கிடைத்தது பத்து நாள் லீவு. அது முடிந்ததும், அடுத்த புதன்கிழமை, கொழும்பில் தேசிய அணிக்கான ஓட்டச் சோதனை. அதில் தேறினால்தான் தெற்காசியப் போட்டிக்குப் போகலாம். அந்தப் போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம் தருவதா இல்லையா என்று முடிவெடுப்போம் என மாலைதீவுக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவள் தினமும் ஓடவேண்டும். நாலரைக்கு வெயில் தணியும், ஆறே காலுக்கு இருட்டிவிடும். அந்த இடைவெளிதான் அவளுக்கு.

அதே நேரத்தில்தான் ஊரில் எல்லா விழாவும். பள்ளிக்கூடம், பழைய மாணவர் சங்கம், கோயில் மண்டபம், ஓட்டோக்காரர் சங்கம் என்று ஆறு நாளில் ஏழு விழா முடிந்திருந்தது. நாலு மணி என்று அழைப்பிதழில் போடுவார்கள், பிரதம விருந்தினர் ஐந்தரைக்கு வருவார். லதுசா அதுவரை மேடைக் கதிரையில் இருப்பாள். அவளுடைய கால் சும்மா இராது. சேலைக்கு அடியில் குதிக்கால் துடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள், கைதட்டுவார்கள், இருட்டிவிடும்.

அந்த வியாழக்கிழமை எந்த விழாவும் இல்லை. சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக லதுசா மைதானத்துக்கு வந்தாள். அவள் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டு எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒன்பது சிறுமிகள் பின்னால் வந்தார்கள். கோலுக்கு முன்னால் வரிசையாகக் குழிகள் தோண்டப்படுவதைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“மாமா, இதென்ன கோலுக்கு முன்னால கிடங்கு கிண்டுறியள்?”

“மேடை பிள்ளை, மேடை! எல்லாம் உனக்குத்தான். முப்பதடி நீளம், இந்தப் பக்கத்தில ஒருத்தரும் இப்பிடிப் போட்டதில்லை.”

“விழா சனிக்கிழமையெல்லோ? சனி காலமை போட ஏலாதோ? எனக்கு இண்டைக்கும் நாளைக்கும் ஓடவேணும் மாமா. புதன்கிழமை சோதினை.”

“நீ ஓடாத ஓட்டமே? ரெண்டு நாள் ஓடாட்டி கால் தேஞ்சே போகும்?”

“ஆறு நாளாக் கதிரையில இருந்து இருந்து முழங்கால் இறுகிப்போச்சு. பாதிக் கிரவுண்டாவது விடுங்கோவன்.”

“விழா முடியட்டும் பிள்ளை, பிறகு முழுக் கிரவுண்டும் உனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டுத் தர்மசீலன் மறுபடியும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.

லதுசா அவரை விட்டுவிட்டு, கழகக் கொட்டிலின் சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் மைதானம் யாருக்கு என்று எழுதிய பலகை அது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஆண்கள் பிரிவு, பழைய வீரர்கள், கிரிக்கெட் என்று நிரம்பியிருக்கும். கடைசி வரியில், ‘பெண்கள்: வசதிப்படும்போது’. பத்து வருஷத்துக்கு முன்னால், பதினாறு வயதில், எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் இடம் கேட்டபோது தர்மசீலன் எழுதிப்போட்ட வரி. இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் மனம் நோகும், ஓம் என்று சொன்னால் ஆண்கள் சண்டைக்கு வருவார்கள். வசதிப்படும்போது என்று எழுதிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. எழுதி முடித்த அன்று, பிரச்சினையை நல்ல சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்டோம் என்று அவருக்குப் பெரிய சந்தோஷம்.

வசதி ஒருநாளும் படவில்லை. எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். லதுசா மாத்திரம் கடற்கரை மணலில் தனியாக ஓடி ஓடி, மாவட்ட அணிக்குப் போய், கொழும்புக்குப் போய், கடல் தாண்டியும் போனாள். அந்தப் பிள்ளையைத்தான் ‘எங்கள் கழகம் வளர்த்த வீராங்கனை’ என்று பனரில் அடித்திருந்தார் தர்மசீலன்.

வேறு வழியின்றி அவள் மைதானத்தின் ஓரமாக ஓடினாள். ஊருக்குள் வழக்கமாகத் திரியும் மான்களில் நாலு அங்கே புல் மேய்ந்துகொண்டிருந்தன; அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டன. மான்களுக்கு இருந்த அந்தப் புத்தி செயலாளருக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரதம விருந்தினரின் ஆள் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மேற்கே பார்த்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“நாலரைக்கு வெயில் நேரா ஐயாவின்ர முகத்தில அடிக்கும். மேடையை அந்தப் பக்கம் திருப்புங்கோ,” என்றார்.

தர்மசீலன் உடனே பந்தல்காரர் றுவைஸைக் கூப்பிட்டார். றுவைஸ் பக்கத்துக் கிண்ணியா ஆள், நிதானமானவர், பதறவே தெரியாதவர்.

“மாத்தலாம் சேர். ஆனா இந்த ஆறு கிடங்கும் என்ன செய்ற? கிண்டின மண்ணெல்லாம் ஐயாட கார் ஏறி வாறத்துக்கு வாசல்ல கொட்டிப் பாதை போட்டாச்சே.”

“வேற மண் இல்லையே?”

“நாளைக்குக் காலையில ஒரு லோட் கொண்டு வாறன். கிடங்க இறுக்கி இடிச்சு மூடணும், இல்லாட்டி ஆர்ர காலாவது போகும்.”

“நாளைக்கு எண்டால் சரிவராது. அஞ்சு மணிக்கு வீடியோ எடுக்க வருகினம், குண்டும் குழியுமாத் தெரியக்கூடாது. இப்போதைக்கு வாயில உரப்பையைப் போட்டு மேலால மணலைத் தூவி விடுங்கோ.”

றுவைஸ் தலையைச் சொறிந்தார். “இது சரியில்ல சேர்.”

“நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் செய்யுங்கோ!”

ஆறு குழிக்கும் வெள்ளை உரப்பையை விரித்து மணலைத் தூவினார்கள். பார்வைக்கு நல்ல மட்டமாக இருந்தது. தர்மசீலன் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, திருப்தியோடு பிளேன்ரீ குடிக்கப் போனார். அதற்குப் பிறகு மைக்குக்காரர் வந்தார், கதிரை லொறி வந்தது, நினைவுச் சின்னத்தில் பெயர் பிழையாக அடித்துவிட்டார்கள் என்று கடையிலிருந்து ஃபோன் வந்தது. குழிகள் அவர் தலையை விட்டே போய்விட்டன.

ஐந்து மணிக்கு லதுசா தாய் யோகமலரோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். மத்தியானம் இன்னொரு சங்கத்தின் விழாவுக்குப் போய்விட்டு வருகிறாள். அங்கே போர்த்திய பொன்னாடை தாயின் பையில் இருந்தது. ஏழெட்டு நாளாக ஒழுங்காக ஓடாத பதற்றம் முகத்தில் தெரிந்தது. வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினாள்.

“பிள்ளை, நீ வந்தது நல்லதாப் போச்சு!” என்று ஓடி வந்தார் தர்மசீலன். “நாளைக்குத் திரையில போட ஒரு சின்ன வீடியோ. பந்தை உருட்டிக்கொண்டு ஓடி வந்து கோலுக்க அடி. ஒரே ஒரு தரம்.”

“எடுத்து முடிச்சா என்னை ஓட விடுவியளோ?”

“சத்தியமா விடுவன்!”

கோலுக்கு முன்னால் நிலம் மட்டமாகத் தெரிந்தது. கிடங்குகளை மூடிவிட்டார்கள் என்று நினைத்து, அவள் நடுக்கோட்டுக்குப் போய்ப் பந்தை வைத்தாள். அத்தனை நாளும் அடக்கிவைத்த ஓட்டம் முழுவதும் அந்தக் காலில் இருந்தது. அவள் புறப்பட்ட வேகத்தைப் பார்த்துக் கமராக்காரர் “அப்பாடி!” என்றார். தர்மசீலனும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். கோலுக்குப் பதினைந்து யார் தூரம் இருக்கும்போதுதான் அவருக்குப் பகீரென்றது. குழி! ஐயோ, குழி! கையைத் தூக்கினார். கத்த வாயெடுப்பதற்குள் அவள் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய இடது கால் முழங்கால் வரை நிலத்துக்குள் போனது. பந்து மாத்திரம் உருண்டு கோலுக்குள் போய் நின்றது.

சிறுமிகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். சோடாப் போத்தல்களுக்காகக் கொண்டுவந்த ஐஸ் வாளியை யாரோ தூக்கிவந்தார்கள். ஐஸைச் சுற்றிக் கட்டத் துணி ஒன்றும் கிடைக்காமல், யோகமலர் பையிலிருந்த பொன்னாடையை உருவி, மகளின் கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள்.

“போட்ட பொன்னாடை எல்லாத்திலயும் இண்டைக்குத்தான் ஒண்டு என்ர பிள்ளைக்கு உதவியிருக்கு,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கால் ஊன்றக்கூடாது என்றார் டொக்டர். “ஆறு கிழமையோ?” என்று கேட்டாள் லதுசா. “புதன்கிழமை எனக்கு ஓடவேணும் டொக்டர்.” டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் தலையாட்டினார். அவள் யன்னல் இருந்த சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் வரவில்லை. நல்ல காலின் குதி மாத்திரம் கட்டிலில் தட் தட் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“கண்ணூறுதான்,” என்று புலம்பினாள் யோகமலர். “ஒரு கிழமையா ஊர்ச்சனமெல்லாம் இந்தக் காலைப் பற்றித்தானே கதைச்சது. சுத்திப் போடாமல் விட்டிட்டன்.”

“ஓம் தங்கச்சி, கண்ணூறாத்தான் இருக்கும்,” என்றார் தர்மசீலன்.

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே அறையவேண்டும் போல இருந்தது அவருக்கு. கட்டிலுக்கு அடியில் லதுசாவின் சப்பாத்துக் கிடந்தது. அதன் அடிக்குமிழ்களுக்கிடையில் வெள்ளை உரப்பையின் கிழிசல் ஒன்று, ஒரு விரல் நீளத்துக்கு, சிக்கியிருந்தது. அவர் மெல்லக் குனிந்தார். அதை இழுத்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்த பேச்சுக் கடதாசியின் மடிப்புக்குள் அதைச் செருகினார். நிமிர்ந்தபோது லதுசா இன்னமும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விழா நின்றுபோகவேண்டும் என்றுதான் அவர் உள்ளூர விரும்பினார். பிரதம விருந்தினரோ வருவேன் என்றுவிட்டார். லதுசாவும், “எனக்கு வரவேணும்,” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். காலையில் றுவைஸ் சொன்னபடி ஒரு லோட் மண் கொண்டுவந்து வேலியோரம் கொட்டினார். விழா அவசரத்தில் மூடாமல் சுற்றிக் கயிறு மாத்திரம் கட்டியிருந்த அந்தக் கிடங்குகளையும் தர்மசீலனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தர்மசீலனுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆள் கேட்காமல் போனதுதான் நெஞ்சைக் குடைந்தது. கதிரைகளை வரிசையாகப் போடுவார், கலைப்பார், திரும்பவும் போடுவார். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

நாலு மணி விழா நாலரைக்குத் தொடங்கியது. லதுசா ஊன்றுகோல்களோடு மேடையேறி, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பிரதம விருந்தினர் பொன்னாடை போர்த்தினார், கமராக்கள் மின்னின. ‘செயலாளர் உரை’ என்று அறிவித்தார்கள்.

தர்மசீலன் மைக்குக்கு முன்னால் வந்தார். எத்தனையோ நாள் எழுதி எழுதித் திருத்திய பேச்சு. ‘நங்கூரம் கழகம் தன் மடியில் வைத்து வளர்த்த வீராங்கனை’ என்று தொடங்கும். கடதாசியை விரித்தார். மடிப்பிலிருந்து வெள்ளைக் கிழிசல் மேசையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த லதுசாவும் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை.

அந்த நிமிஷத்தில் மனிதர் உடைந்துபோனார். கடதாசியை மடித்து மேசையில் வைத்தார்.

“நான் எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கப்போறதில்லை,” என்றார். குரல் மேடைக் குரலாக இருக்கவில்லை. “இந்தப் பிள்ளையின்ர கால் கண்ணூறில போகேல்லை. இந்த மேடைக்கு நான் தோண்டிவிச்ச கிடங்கில போனது. மூடச்சொல்லி றுவைஸ் சொன்னவர். நான்தான் உரப்பையைப் போட்டு மணலைத் தூவச் சொன்னனான். வீடியோவுக்கு வடிவா இருக்கோணும் எண்டு. பிறகு அதில ஓடு எண்டும் நான்தான் சொன்னனான். இவள் புதன்கிழமை சோதினைக்குப் போகேலாது. போட்டிக்கும் போகேலாது.”

பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தர்மசீலன் நிறுத்தவில்லை.

“பத்து வருஷத்துக்கு முன்னம் இவள் எட்டுப் பிள்ளையளோட வந்து என்னட்டக் கேட்டது ஒரு மணித்தியாலம் நிலம். நான் குடுக்கேல்லை. வசதிப்படும்போது எண்டு எழுதிப்போட்டன். அந்த எட்டுப் பேரிலயும் இன்னொரு லதுசா இருந்தாளோ தெரியாது. இனி ஆருக்கும் தெரியவும் வராது. பெண்பிள்ளை வெண்டு வந்த பிறகு சால்வை போர்க்க நாங்கள் எல்லாரும் விழுந்தடிச்சு ஓடி வாறம். அவள் விளையாட இடம் கேட்டு வரேக்க ஒருத்தரும் இல்லை. மரியாதை எண்டது அவளுக்கு நிலத்தை விடுறதுதான். மிச்சமெல்லாம் எங்கட ஆசைக்கு நாங்கள் போடுற சோடனை.”

திரும்பி லதுசாவைக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கொள் பிள்ளை.”

லதுசா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“எனக்குத் தெரியும் மாமா. கிடங்கில விழேக்கையே உரப்பை காலோட வந்தது. நீங்கள் சப்பாத்தில இருந்து அதை எடுக்கேக்க சுவரில இருந்த யன்னல் கண்ணாடியில பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்.” கட்டுப்போட்ட காலைக் கையால் சற்று நகர்த்தினாள். “மன்னிப்பை இப்ப கேளாதேங்கோ. எனக்குக் கோவம் அடங்கேல்லை. என்ர தொழிலில எனக்கு இன்னும் நாலஞ்சு வருஷம்தான் இருக்கு, அதில ஒரு போட்டியை உங்கட கிடங்கு விழுங்கிப்போட்டுது. மாலைதீவில இனிக் கூப்பிடுவினமோ தெரியாது. ஆறு கிழமையில நான் திரும்ப ஓடுவன். அதுக்கு முதல் அந்தப் பலகையில இருக்கிற கடைசி வரியை அழியுங்கோ. அந்த ஒன்பது பேருக்கும் நாளும் நேரமும் எழுதுங்கோ.”

அவ்வளவுதான் பேசினாள். முதலில் கைதட்டியது பின்வரிசையில் நின்ற றுவைஸ்.

பிரதம விருந்தினர் வேறு அலுவல் இருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனார். அவர் கார் போன தூசி அடங்குவதற்குள் தர்மசீலன் கொட்டிலுக்குப் போய்ப் பலகையைத் துடைத்தார். ‘பெண்கள்: திங்கள், புதன், சனி, 4.30 – 6.00’ என்று எழுதினார். அதற்காக ஆண்கள் பிரிவின் மூன்று நாளைக் குறைக்க வேண்டியிருந்தது. பின்னால் நின்று முணுமுணுத்த பொடியன்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து, வேலியோரம் கிடந்த மண்ணை வெட்டத் தொடங்கினார். றுவைஸும் மண்ணை இடிக்க ஒரு அலவாங்கோடு வந்து சேர்ந்தார்.

லதுசா கதிரையைக் கோட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி இருந்தாள். மடியில் பொன்னாடையும் ஒரு விசிலும் கிடந்தன. நல்ல கால் இன்னமும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் சப்பாத்துக் கட்டிய ஒன்பது பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு நின்றார்கள்.

“லதுசாக்கா, இண்டைக்குச் சனிதானே?” என்றாள் அவர்களில் றஹ்மா. “பலகையில இருக்கு. இறங்கட்டா?”

“பொறு.”

ஆறாவது குழியும் நிரம்பியது. தர்மசீலன் வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்தார். “மூடியாச்சு பிள்ளை. இனிப் பயமில்லை.”

“ஏறிக் குதிச்சுப் பாருங்கோ மாமா.”

ஐம்பத்து மூன்று வயது மனிதர், பட்டுக்கரை வேட்டியோடு, ஊர்ச்சனம் பார்க்க, முதலாவது குழியின் மேல் ஏறிக் குதித்தார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவதில் மண் கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் இரண்டு கூடை கொட்டி, இடித்து, திரும்பவும் குதித்தார். ஆறும் முடிந்தபோது வெளிச்சம் இன்னும் கால் மணித்தியாலம்தான் மிச்சம் இருந்தது.

“உங்கட பாரத்தைத் தாங்கினால் எங்கட பிள்ளையளையும் தாங்கும்,” என்றாள் லதுசா. விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். ஒன்பது பேரும் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார்கள்.